தண்ணீரைச் சேமிக்க எதில் முதலில் கைவைப்பது? சென்னை வீடுகளுக்கான நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

பங்குனி பாதி கழிந்தால் சென்னையில் போர் தண்ணீரின் மட்டம் இறங்கத் தொடங்குகிறது. அடுக்ககங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் லாரிக் கணக்கு ஏறத் தொடங்குகிறது. அந்த நேரத்தில் வாசகர்கள் எழுதிக் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். கையில் இருப்பது சில ஆயிரம் ரூபாய்; அதைக்கொண்டு குழாய்களையும் ஃப்ளஷ் தொட்டியையும் மாற்றுவதா, வாஷிங் மெஷின் தண்ணீரைப் பிடித்து மறுபடி பயன்படுத்துவதா, மொட்டை மாடி மழைநீருக்கு வழி செய்வதா, அசோசியேஷனில் பேசி வீட்டுக்கு வீடு மீட்டர் வைப்பதா? நான்கையும் செய்யுங்கள் என்று சொல்லிவிடலாம். எதை முதலில் செய்வது என்று கேட்பவருக்கு அது பதில் ஆகாது.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், நாளொன்றுக்கு உண்மையில் மிச்சமாகும் லிட்டர். இரண்டாவது, முதலில் ஆகும் செலவும் பின்னால் வரும் பராமரிப்பும். மூன்றாவது, அந்த வீட்டில் சுவரை உடைக்கவும் குழாயை மாற்றவும் உங்களுக்கு உரிமை உண்டா என்பது. வாடகைக்கு இருப்பவருக்கும் சொந்த வீட்டுக்காரருக்கும் ஒரே ஆலோசனை பொருந்தாது. நான்காவது, உங்கள் தண்ணீர் எவ்வளவு உப்பு என்பது.

ஐந்தாவது அளவுகோலை விலைப்பட்டியல் எதுவும் சொல்வதில்லை. தினமும் யார் குனிந்து, யார் தூக்கி, யார் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அது. "செலவே இல்லாத வழி" என்று பரிந்துரைக்கப்படும் பலவற்றில் செலவு ரூபாயாக இல்லாமல் வீட்டுப் பெண்ணின் இடுப்பு வலியாகவோ, வேலைக்கு வரும் அம்மாவின் கூடுதல் அரைமணி நேரமாகவோ இருக்கிறது. அதையும் கணக்கில் சேர்த்தால்தான் ஒப்பீடு நேர்மையாக இருக்கும் என்பது என் கருத்து. இந்தக் கட்டுரையின் முடிவுகள் பலவும் அதிலிருந்தே வருகின்றன.

கணக்குக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். பாதாளச் சாக்கடை வசதியுள்ள நகரங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது இந்தியாவில் திட்டமிடுவோர் பயன்படுத்தும் அளவு. நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு அது 540 லிட்டர். 12,000 லிட்டர் லாரி 1,800 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு லிட்டர் 15 காசு. உங்கள் பகுதியில் லாரி விலை வேறாக இருந்தால் அதை இட்டுக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். முடிவுகளின் வரிசை பெரும்பாலும் மாறாது.

## ஒப்பிடுவதற்கு முன்பே செய்ய வேண்டியது

இரண்டு வேலைகள் இந்தப் போட்டியிலேயே சேராதவை, ஏனென்றால் அவற்றை எந்த வீடும் தள்ளிப்போடக் கூடாது. ஒன்று, மேல்தொட்டி வழிவது. சாதாரண வீட்டு மோட்டார் நிமிடத்துக்கு 30 முதல் 50 லிட்டர் வரை ஏற்றும் என்றால், மோட்டாரைப் போட்டுவிட்டுத் தொலைக்காட்சியில் ஆழ்ந்த பத்து நிமிடத்தில் போவது 300 முதல் 500 லிட்டர். அது ஏறத்தாழ ஒரு குடும்பத்தின் ஒரு நாள் தண்ணீர். தொட்டி நிரம்பியதும் மோட்டாரைத் தானாக நிறுத்தும் கருவியை ஒரு எலக்ட்ரீஷியன் அரை நாளில் பொருத்திவிடுவார்.

மற்றொன்று, ஒழுகல். சொட்டும் குழாயின் அடியில் ஒரு டம்ளரை வையுங்கள். 200 மில்லி டம்ளர் பத்து நிமிடத்தில் நிரம்பினால் ஒரு நாளைக்கு 28.8 லிட்டர் வீண். ஃப்ளஷ் தொட்டியின் ஒழுகல் கண்ணுக்கே தெரியாது. வெள்ளைத் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தில் சில துளிகளைத் தொட்டிக்குள் விட்டு, இருபது நிமிடம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோப்பையின் உட்சுவரில் நீல இழை ஒன்று இறங்கியிருந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் போய்விட்டது என்று பொருள். மாற்றுவதற்குச் சில நூறு ரூபாய்கூட ஆகாது.

## வழி ஒன்று: குழாய் முனையும் ஃப்ளஷ் தொட்டியும்

குழாய் வாயில் திருகி மாட்டும் ஏரேட்டர் என்னும் சிறு சல்லடை, நீரோடு காற்றைக் கலந்து ஓட்டத்தைக் குறைக்கிறது. சாதாரணக் குழாய் நிமிடத்துக்குப் பத்து லிட்டருக்குக் குறையாமல் கொட்டும். ஏரேட்டர் மாட்டினால் மூன்று முதல் ஆறு லிட்டர். உங்கள் குழாயின் வேகத்தை அறிய 20 லிட்டர் பக்கெட்டும் கடிகாரமும் போதும்: இரண்டு நிமிடத்தில் நிரம்பினால் பத்து லிட்டர் வேகம்.

இங்கே கடைக்காரர் சொல்லாமல் விடும் ஒரு விஷயம் உண்டு. ஏரேட்டர் மிச்சப்படுத்துவது ஓடும் நீரில் மட்டுமே. நிரப்பும் நீரில் இல்லை. குடத்துக்கும் பக்கெட்டுக்கும் தேவையான அளவு மாறுவதில்லை, நிரம்ப இரட்டிப்பு நேரம் ஆகும், அவ்வளவுதான். பக்கெட்டும் மக்கும் வைத்துக் குளிக்கும் வீட்டில், பக்கெட் நிரப்பும் குழாயில் அதை மாட்டுவது காசுக்கும் கேடு, பொறுமைக்கும் கேடு. அது இருக்க வேண்டிய இடங்கள் சமையலறைத் தொட்டியும் கை கழுவும் பேசினும்தான். பாத்திரம் கழுவும்போது நாளொன்றுக்கு 15 நிமிடம் குழாய் திறந்திருந்தால் 150 லிட்டர் போகிறது. ஓட்டத்தைப் பாதியாக்கினால் 75 லிட்டர் மிச்சம். (குழாயை மூடிவைத்து எல்லாப் பாத்திரங்களுக்கும் சோப்பு போட்டு, பிறகு ஒரே மூச்சில் அலசினால் ஏரேட்டர் இல்லாமலேயே இதைவிட அதிகம் மிச்சமாகும். ஆனால் அது ஒவ்வொரு வேளையும் ஒருவர் நினைவில் வைத்திருக்க வேண்டிய பழக்கம். சல்லடைக்கு நினைவு தேவையில்லை.)

பெரிய ஆதாயம் கழிப்பறையில் இருக்கிறது. பழைய ஒற்றை ஃப்ளஷ் தொட்டி ஒரு முறைக்குப் பத்து லிட்டர் வரை இறக்கும். நான்கு பேர் ஆளுக்கு ஐந்து முறை என்றால் 200 லிட்டர். முழு அழுத்துக்கு ஆறு, பாதி அழுத்துக்கு மூன்று லிட்டர் இறக்கும் இரட்டை பொத்தான் தொட்டியில், நான்கு முறை முழுதும் பதினாறு முறை பாதியும் அழுத்தினால் 72 லிட்டர்தான். மிச்சம் 128 லிட்டர். 2019 ஜூலையில், செங்குன்றமும் செம்பரம்பாக்கமும் வறண்டு கிடந்தபோது, ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் சென்னைக்கு வந்த ரயில் ஒரு நடைக்குக் கொண்டுவந்தது ஏறத்தாழ 25 லட்சம் லிட்டர். 20,000 குடும்பங்கள் இந்தத் தொட்டியை மாற்றினால் நாள்தோறும் அவ்வளவு மிச்சம்.

சமையலறையும் கழிப்பறையும் சேர்ந்து நாளுக்கு 203 லிட்டர். மாதத்துக்கு 6,000 லிட்டருக்குச் சற்று மேல், அதாவது அரை லாரி, ஏறத்தாழ 900 ரூபாய். ஏரேட்டருக்குச் சில நூறும் தொட்டிக்குச் சில ஆயிரமும் ஆகும் செலவு ஒரு கோடைக்குள் பெரும்பாலும் திரும்பிவிடும்.

மறைந்த செலவுகள் மூன்று. போர் தண்ணீரின் உப்பு, ஏரேட்டர் சல்லடையில் வெள்ளைப் படலமாகப் படிந்து துளைகளை அடைக்கும். மாதம் ஒருமுறை கழற்றி எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ ஓரிரவு ஊறவைக்க வேண்டும். மேல்தளத்தில், தொட்டிக்கு நேர் கீழே இருப்பவர்களுக்குத் தண்ணீர் இறங்கும் உயரம் குறைவு என்பதால் அழுத்தம் இயல்பாகவே மெலிந்திருக்கும்; அங்கே ஏரேட்டர் மாட்டினால் நூல் போல்தான் வரும். மூன்றாவது, பத்து லிட்டருக்கென வார்க்கப்பட்ட பழைய கோப்பையை அப்படியே வைத்துத் தொட்டியை மட்டும் மாற்றினால், ஆறு லிட்டர் சரியாக அடித்துச் செல்லாமல் இரண்டு முறை அழுத்த நேரும், கணக்கு தலைகீழாகும். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு லிட்டர் பாட்டிலில் நீர் நிரப்பி மூடித் தொட்டிக்குள் நிறுத்திவைப்பதே நல்லது. ஒவ்வொரு முறையும் ஒரு லிட்டர் மிச்சம். செங்கல் வைக்காதீர்கள், அது கரைந்து மணலாகி வால்வில் சிக்கும். இந்தியக் கழிப்பறையில் பக்கெட்டும் மக்குமாக ஊற்றிக் கழுவும் வீடுகள் இந்தப் பகுதியை முழுவதும் தாண்டிச் செல்லலாம். அவர்கள் முன்பே சிக்கனக்காரர்கள்.

## வழி இரண்டு: வாஷிங் மெஷின் நீரையும் ஆர்.ஓ. கழிவையும் மறுபடி பயன்படுத்துவது

மேலே திறக்கும் தானியங்கி மெஷின் ஒரு சுற்றுக்கு 100 லிட்டருக்கு மேல் குடிக்கும். 120 லிட்டர் என்று கொண்டால், முதல் சோப்பு நீர் போக, பின்னால் வரும் இரண்டு அலசல்களில் 80 லிட்டர் ஓரளவு தெளிந்த நீர் கிடைக்கும். வாரம் நான்கு முறை துவைத்தால் நாளுக்குச் சராசரியாக 45 லிட்டர். ஆர்.ஓ. கருவி ஒரு லிட்டர் குடிநீருக்கு ஏறத்தாழ மூன்று லிட்டரை வெளியே தள்ளும். குடிக்கவும் சமைக்கவும் 15 லிட்டர் பிடிக்கும் வீட்டில் அதுவும் நாளுக்கு 45 லிட்டர். இரண்டும் சேர்ந்து 90 லிட்டர். முதல் வழியில் பாதிக்கும் குறைவு.

கைச்செலவு ஏறக்குறைய இல்லை; உழைப்போ நான்கு வழிகளிலும் இதில்தான் அதிகம். பல மேல்திறப்பு மெஷின்களிலும் இரட்டைத் தொட்டி மெஷின்களிலும் நீர் தன் எடையால் வடிவதால் குழாயைத் தரையோடுதான் வைக்க முடியும், டிரம்முக்குள் தூக்கிப் போட முடியாது. மெஷினை ஒரு மேடையில் ஏற்றி, கீழே தாழ்வான தொட்டியை வைத்து, சோப்பு நீர் போன பிறகு சரியான நேரத்தில் குழாயைத் திருப்பிவிட ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும். பிறகு அந்த நீரை மொண்டு கழிப்பறைக்குத் தூக்க வேண்டும். ஒரு நாளுக்கு மேல் தேங்கினால் நாற்றம் எடுக்கும். வழியில் சிந்தினால் டைல்ஸ் தரை வழுக்கும். வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆர்.ஓ. கழிவைப் பிடிப்பது எளிது, ஒரு பக்கெட்டில் குழாயை விட்டால் போதும். எங்கே பயன்படுத்துவது என்பதில்தான் கவனம் வேண்டும். உள்ளே வரும் நீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 1,000 மில்லிகிராம், வெளியே வரும் குடிநீரில் 100 என்றால், மீதமுள்ள மூன்று லிட்டரில் லிட்டருக்கு 1,300 வீதம் உப்பு சேர்ந்திருக்கும். அதைத் துளசிக்கும் ரோஜாவுக்கும் நாள்தோறும் ஊற்றினால் இலை நுனி கருகும். கறுப்புக் கிரானைட்டில் துடைத்தால் வெள்ளைத் திட்டு விழும். கழிப்பறைக்கும், காய்ந்த பாத்திரத்தை ஊறவைக்கவும், வாசல் கழுவவும் சரி. கருவிக்குள் வரும் நீரின் உப்பளவே லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால், ஆர்.ஓ. தேவையா என்பதையே முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மற்ற கிருமி நீக்க முறைகள் பலவும் இப்படித் தண்ணீரை வீணாக்குவதில்லை.

இந்த வழி வெல்வது தோட்டம் உள்ள தனி வீட்டில். துவைக்கும் கல்லிலிருந்தோ மெஷினிலிருந்தோ ஒரு வாய்க்கால் வெட்டி வாழைக்கும் கல்வாழைக்கும் விட்டால் யாரும் எதையும் தூக்க வேண்டாம். இரண்டு செடிகளும் சோப்பு நீரைத் தாங்கும். நம் ஊரில் கிணற்றடி வாழை என்பதே அப்படி வந்த ஏற்பாடுதான். ப்ளீச் கலந்த நீரை மட்டும் அந்தப் பக்கம் விடக் கூடாது.

## வழி மூன்று: மொட்டை மாடி மழை

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர். 1,000 சதுர அடி மாடி 93 சதுர மீட்டர். சென்னைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை என்பதால், ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் அந்த மாடியில் விழுகிறது. எண்ணில் இதை மிஞ்ச எதுவும் இல்லை.

ஆனால் அந்த மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியை ஒட்டிய வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. 80 மில்லிமீட்டர் பெய்யும் ஒரு நாளில் 6,000 லிட்டர் சம்ப் நிரம்பிவிடும். மறுநாள் மழையை எங்கே வைப்பது? எனவே இந்த வழிக்குள்ளேயே இரண்டு கிளைகள் உண்டு: வடிகட்டி சம்பில் சேர்ப்பது, மண்ணுக்குள் இறக்குவது. முதலாவது அந்தந்த நாளின் லாரியைக் குறைக்கும். இரண்டாவது சித்திரையில் கிணற்றைக் காப்பாற்றும்.

தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு 2003இல் கட்டாயமாக்கப்பட்டது. அப்போது அவசரத்தில் தோண்டிய குழிகள் பல இன்று வண்டலும் இலையும் அடைத்து, மேலே பூந்தொட்டி வைக்கும் மேடைகளாக நிற்கின்றன. புதிதாகக் கட்டுவதற்கு முன் அந்த மூடியைத் திறந்து பாருங்கள். தூர் வாரி, ஜல்லியையும் மணலையும் கழுவிப் போட்டாலே பாதி வேலை முடிந்திருக்கும்.

மண் பார்க்காமல் பணம் போடக் கூடாது. திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கடலோர மணலில் சிறு குழியே மழையை உறிஞ்சிவிடும். அண்ணா நகர், மேற்கு மாம்பலம் பக்கத்துக் களிமண்ணில் ஆழமில்லாத குழி குட்டையாகத்தான் நிற்கும். களியைத் தாண்டி மணல் அடுக்கைத் தொடும் வரை உறை இறக்க வேண்டும். கிண்டி, வேளச்சேரி போன்ற பாறைப் பகுதிகளில் உள்ளூர் அனுபவம் உள்ள கிணறு தோண்டுபவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

மறைந்த செலவு ஆண்டுக்கு ஒரு முறைதான் வருகிறது. மழைக்கு முன் மாடியைப் பெருக்கிக் கழுவ வேண்டும், முதல் மழையின் அழுக்கு நீரைத் தனியே வெளியேற்ற வேண்டும், கொசு புகாமல் மூடி இருக்க வேண்டும். மண்ணில் இறக்கிய நீர் உங்கள் போருக்கு மட்டும் என்று எழுதிவைக்கவும் முடியாது. பக்கத்து வீட்டு மோட்டாரும் அதை இழுக்கும். அதனால் இது தெருவே சேர்ந்து செய்தால் பலன் கூடும் வேலை. தனியாகச் செய்தாலும் நட்டமில்லை, பொறுமைதான் வேண்டும்.

## வழி நான்கு: வீட்டுக்கு வீடு மீட்டர்

மீட்டர் ஒரு சொட்டையும் தானாகச் சேமிப்பதில்லை. லாரிச் செலவைச் சதுர அடிக்கு ஏற்பவோ சமமாகவோ பிரிக்கும் அடுக்ககத்தில், மூன்று மாதம் பூட்டிக் கிடந்த வீட்டுக்காரரும் நாள்தோறும் காரைக் கழுவுபவரும் ஒரே தொகை கட்டுகிறார்கள். அந்த ஏற்பாடு இருக்கும் வரை முதல் வழியில் நீங்கள் மிச்சப்படுத்திய 900 ரூபாய் 20 வீடுகளுக்குப் பங்காகி, உங்கள் கைக்கு 45 ரூபாயாக வரும். மீட்டர் வந்தால் மிச்சம் செய்தவருக்கே அது போய்ச் சேரும், ஒழுகலும் அந்தந்த வீட்டின் கணக்கில் தெரியும்.

தடை, கட்டடத்தின் குழாய் அமைப்பில் இருக்கிறது. பழைய அடுக்ககங்களில் சமையலறைக்கு ஒன்று, ஒவ்வொரு குளியலறைக்கும் ஒன்று என்று மேல்தொட்டியிலிருந்து தனித்தனிக் குழாய்கள் இறங்கும். ஒரு வீட்டுக்கு ஒரு மீட்டர் என்று நினைத்து விலை கேட்டவர்கள், மூன்றோ நான்கோ வேண்டும் என்று பிளம்பர் சொன்னதும் பின்வாங்குவது இதனால்தான். வண்டலும் உப்பும் மீட்டரின் சக்கரத்தைச் சிக்கவைக்கும். மேல்தளத்தில் அழுத்தம் இன்னும் குறையும். எல்லாவற்றுக்கும் மேல், பொதுக்குழுவில் பெரும்பான்மை வேண்டும். குறைவாகப் பயன்படுத்துபவர்கள் கை தூக்குவார்கள், மற்றவர்கள் அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்பார்கள்.

## ஒரே பார்வையில்

| | குழாய், ஃப்ளஷ் | மறுபயன்பாடு | மழைநீர் | மீட்டர் |
|---|---|---|---|---|
| மிச்சம் | நாளுக்கு 200 லிட்டர் அளவில் | நாளுக்கு 90 லிட்டர் அளவில் | ஆண்டுக்கு ஒரு லட்சம் லிட்டர் வரை, மழைக்காலத்தில் குவிந்து | பிறர் நடத்தையைப் பொறுத்தது |
| முதல் செலவு | நூறுகள் முதல் சில ஆயிரம் | மிகக் குறைவு | தூர் வாரினால் குறைவு, உறைகிணறு என்றால் அதிகம் | குழாய்களின் எண்ணிக்கையைப் பொறுத்து அதிகம் |
| தினசரி உழைப்பு | இல்லை | மிக அதிகம் | இல்லை, ஆண்டுக்கொரு முறை | இல்லை, மாதக் கணக்கு மட்டும் |
| உப்பு நீரில் | சல்லடை அடைக்கும் | செடிக்கு ஆகாது | உப்பைக் குறைக்க உதவும் | மீட்டர் சிக்கும் |
| வாடகை வீட்டில் | ஏரேட்டரும் தொட்டிக்குள் பாட்டிலும் மட்டும் | முடியும் | முடியாது | முடியாது |

## யாருக்கு எது

வாடகை வீட்டில் இருப்பவர் ஏரேட்டரையும் ஃப்ளஷ் தொட்டிக்குள் பாட்டிலையும் எடுத்துக்கொள்ளட்டும். காலி செய்யும்போது இரண்டையும் கழற்றிக் கையோடு கொண்டுபோகலாம். ஆர்.ஓ. பக்கெட்டைச் சேர்க்கலாம், மெஷின் நீரை விட்டுவிடலாம்.

கிணறோ போரோ உள்ள தனி வீட்டுக்காரருக்கு மழைநீர்தான் முதல் இடம், அதுவும் புரட்டாசிக்குள். இந்த ஆண்டு அந்தக் காலம் தவறிவிட்டால் பணத்தை முடக்கி வைக்காமல் ஃப்ளஷ் தொட்டியை மாற்றிவிட்டு, ஆடியில் மழைநீர் வேலைக்குத் திரும்பலாம்.

அடுக்ககத்தில் சொந்த வீடு உள்ளவருக்கு முதல் வழியையே சொல்வேன், பொதுச் செலவில் அதன் ஆதாயம் கரைந்துபோகும் என்று தெரிந்தே. அது யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டாத வேலை. வீட்டில் யாருக்கும் கூடுதல் சுமையும் இல்லை. குடிவந்து சில ஆண்டுகளே ஆன கட்டடமாக இருந்து, வீட்டுக்கு ஒரே குழாய் இறங்கினால் மட்டும் மீட்டரை முன்னால் கொண்டுவரலாம். அப்போதும் பொருத்திய மாதமே பில் போடாதீர்கள். முதல் மூன்று மாதம் ஒவ்வொரு வீட்டின் அளவையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதோடு நிறுத்திக்கொண்டால், எந்த வீட்டில் தொட்டி ஒழுகுகிறது என்பது சண்டை இல்லாமல் வெளிவரும், வாஷர் மாற்ற அவகாசமும் கிடைக்கும். நான்காம் மாதத்திலிருந்து லிட்டர் கணக்கில் வசூலிக்கலாம்.